பீமுக்கு அடியில் எத்தனை அடி?

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒண்ணுல வேலை பார்க்கறேன். பல்லடம் ரோட்டுப் பக்கம் 5 சென்ட்ல வீடு கட்டிட்டு இருக்கோம். பேஸ்மென்ட் முடிஞ்சு பில்லர் எழுப்பற நிலைமைங்க. மண்ணு கரிசல். எங்ககிட்ட இன்னோவா கிரிஸ்டா ஒண்ணு இருக்கு. எங்க அப்புச்சி வெச்சிருந்த அம்பாசடரும் இருக்குதுங்க. அதை விக்க அம்மாவுக்கு மனசே இல்லை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்த இடம் பத்தாது. அதனால நாலு கால் லிஃப்ட் போட்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிறுத்தலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை நானே அடியில நின்னு ஆயில் மாத்தற மாதிரியும் இருக்கோணும். மேஸ்திரி 11 அடி போதும்ங்கறார். லிஃப்ட் விக்கறவர் 12 அடிங்கறார். கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கற என்ற மச்சான், "லிஃப்ட் எதுக்கு மாப்ள காசு குடுத்து வாங்கோணும், நம்ம பட்டறையிலயே செஞ்சுக்கலாம்"ங்கறான். வீட்டுல மத்த பக்கமெல்லாம் கூரை பத்தரை அடி. யார் பேச்சைக் கேக்கறதுங்க?

பதில்: தம்பி, மேஸ்திரியும் பொய் சொல்லவில்லை, லிஃப்ட் விற்பவரும் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரும் டேப்பை வேறு வேறு இடத்தில் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். மேஸ்திரிக்கு உயரம் என்றால் பேஸ்மென்ட் கான்கிரீட்டிலிருந்து ஸ்லாப் பலகை வரைக்கும். லிஃப்ட்காரருக்கு கேட்டலாக்கில் அச்சடித்திருக்கும் உயரம். உங்களுக்கு வேண்டியது இந்த ரெண்டும் இல்லை. வேலையெல்லாம் முடிந்த தரைக்கும், மேலே எது அதிகமாகக் கீழே இறங்கி நிற்கிறதோ அதற்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம்தான் உங்கள் கணக்கு. பெரும்பாலும் அப்படி இறங்கி நிற்பது பீம்.

மேஸ்திரியின் 11 அடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட் கான்கிரீட்டுக்கு மேல் தரை வேலைக்கு 3 அங்குலம் போய்விடும். 15 அங்குல பீமில் 5 அங்குலம் ஸ்லாபுக்குள் அடங்கினால், மிச்சம் 10 அங்குலம் கீழே தொங்கும். ஆக 11 அடி என்பது பீமுக்கு அடியில் 9 அடி 11 அங்குலம்தான். அந்த உயரத்தில் அம்பாசடரைப் பீம் இடிக்காமல் தூக்கி நிறுத்தினால், அதன் சக்கரம் நிற்கிற லிஃப்ட் தட்டுக்குக் கீழே ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் நிறுத்தலாம். இன்னோவா நிற்காது.

இப்போது தரையிலிருந்து மேலே போவோம். இந்தக் கணக்கை மட்டும் மில்லிமீட்டரில் போடுங்கள். அடி அங்குலத்தில் போட்டால் அரை அங்குலம் அரை அங்குலமாக எங்கேயோ தொலைந்துபோகும். கிரிஸ்டாவின் உயரம் 1,795 மி.மீ. அதன் தலைக்கும் லிஃப்ட் தட்டின் அடிப்பக்கத்துக்கும் இடையே 150 வையுங்கள். லிஃப்ட் தட்டு, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ரெண்டும் சேர்ந்த கனம் மாடலுக்கு மாடல் மாறும். இப்போதைக்கு 150 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் அம்பாசடர் 1,593. அம்பாசடர் கூரைக்கும் பீமுக்கும் நடுவே 100. கூட்டினால் 3,788 மி.மீ., அதாவது 12 அடி 5 அங்குலம்.

லிஃப்ட்காரரின் 12 அடி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இடைவெளிகளை எல்லாம் 50 மி.மீ.க்கு இறுக்கி, தட்டின் கனத்தை 125 என்று போட்டால் 3,613 வரும். 12 அடிக்குள் அடங்கிவிடும். காகிதத்தில் சரிதான். ஆனால் லிஃப்ட் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. காரை மேலே ஏற்றிய பிறகு ஹைட்ராலிக் எண்ணெயை நம்பி விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு காலிலும் ஏணிப்படி மாதிரி லாக் வெட்டியிருக்கும். தட்டு அதில் ஏதாவது ஒரு படியில் உட்கார்ந்தால்தான் பாதுகாப்பு. அந்தப் படிகள் பல மாடல்களில் 4 அங்குலத்துக்கு ஒன்று. ஒரு படியில் இன்னோவாவின் தலை இடிக்கிறது என்றால், அடுத்த படிக்கு ஏற்றத்தான் வேண்டும். மேலே இருக்கும் அம்பாசடரும் அதே 4 அங்குலம் ஏறும். நான் 150 என்று தாராளமாகப் போட்டது இதற்காகத்தான். முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த மாடலின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தட்டின் கனம், குறுக்குச் சட்டத்தின் அடிமட்டம், ஒவ்வொரு லாக்கின் உயரம், காலின் மொத்த உயரம் நாலும் அதில் இருக்க வேண்டும். வரைபடம் தராமல் "எல்லாம் சரியா வரும்ங்க" என்று மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எந்தக் காரை மேலே வைப்பது என்று பலரும் கேட்பார்கள். மொத்த உயரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எதை மேலே வைத்தாலும் கூட்டுத்தொகை அதேதான். உங்கள் விஷயத்தில் அம்பாசடர்தான் மேலே. எடை குறைவு, தினமும் வெளியே எடுக்கிற வண்டியும் இல்லை. ஆனால் பழைய அம்பாசடர் எண்ணெய் சொட்டாமல் இருந்தால்தான் அதிசயம். ரெண்டு பக்கச் சக்கரத் தட்டுகளுக்கு நடுவில் எண்ணெய் பிடிக்க வைக்கிற தகரத் தட்டங்களையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லாவிட்டால் வெள்ளை இன்னோவாவின் கூரையில் கறுப்புப் பொட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

அடியில் நின்று வேலை பார்க்கிற விஷயத்துக்குத் தனியாக உயரம் தேடத் தேவையில்லை. மேலே போட்ட கணக்கில் அம்பாசடரின் சக்கரம் நிற்கும் மட்டம் 2,095 மி.மீ., ஏறக்குறைய 6 அடி 10 அங்குலம். தலை இடிக்காமல் நடக்கலாம். இன்னோவாவை ஏற்றி ஆயில் மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தை 6 அடிக்கு ஏற்றினால் போதும். கூரையோடு 3,625 ஆகும், இடம் மிச்சம். ஒன்றே ஒன்று: தூக்கிய நிலையில் பானெட்டையோ டிக்கியையோ திறக்கிற எண்ணம் இருந்தால், காரைத் தரையில் நிறுத்தி அதை முழுதாகத் திறந்து, உச்சிவரை டேப் பிடித்துப் பாருங்கள். இன்னோவாவின் டிக்கி கதவு கூரையையே தாண்டி ஏறும். வேலை பார்க்கிற உயரத்தில் அதைத் திறக்காமல் இருப்பது நல்லது.

என் பரிந்துரை, முடிந்த தரையிலிருந்து பீம் அடிவரை 13 அடி. 12 அடி 5 அங்குலம் இன்றைய ரெண்டு வண்டிக்குத்தான் சரி. வீடு ஐம்பது வருடம் நிற்கும், வண்டி பத்து வருடத்தில் மாறும். நாளைக்கு ஸ்கார்ப்பியோ என் வாங்கினால் அதன் உயரம் 1,857, ஃபார்ச்சூனர் 1,835. 13 அடி இருந்தால் கீழே ஸ்கார்ப்பியோ என், மேலே 1,635 உயர கிரெட்டா என்று நிறுத்தினாலும் கணக்கு 3,892-க்குள் முடிந்துவிடும். உங்கள் கையில் 3,962 இருக்கும். ஆனால் கீழே இன்னோவா, மேலே ஸ்கார்ப்பியோ என் நிறுத்த வேண்டுமென்றால் 13 அடியும் பத்தாது. அந்த ஆசைக்காக இன்னும் ஏற்ற வேண்டாம், வீடு மில் மாதிரி ஆகிவிடும்.

சரி, மற்ற பக்கம் பத்தரை அடியாக இருக்கும்போது இங்கே மட்டும் 13 அடி எப்படி? தரையைப் பள்ளமாக்கி உயரம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நம் ஊர்த் தெருக்களில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிடுகிறார்கள். இன்றைக்கு ரோட்டுக்கு ஒரு அடி மேலே இருக்கிற வாசல் நாளைக்கு ரோட்டு மட்டத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே தாழ்ந்த கராஜ் ஐப்பசி மழைக்கு கிணறுதான். அதோடு பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு சுவிட்ச் பொறி போதும்.

கராஜ் ஸ்லாபை மட்டும் ஏற்றுவதுதான் நேர்வழி. அதற்கு மேல் வரும் மாடி அறை, மாடி ஹாலைவிட ரெண்டரை அடிக்கு மேல் ஏறி நிற்கும். ஹாலிலிருந்து ஐந்தாறு படி ஏறிப் போகிற அறையாக அமைத்தால் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். வயதானவர்களுக்கான படுக்கையறையை மட்டும் அங்கே வைக்காதீர்கள். இன்னொரு வழி, மேலே சுவர் வரும் இடங்களில் பீமை ஸ்லாபுக்குக் கீழே தொங்கவிடாமல், ஸ்லாபுக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி போடுவது. அப்படிச் செய்தால் தொங்குகிற அந்த 10 அங்குலமும் மிச்சமாகி, ஸ்லாபின் அடிமட்டமே உங்கள் 13 அடி ஆகிவிடும். ஆனால் அந்தப் பீமில் கம்பி கட்டுகிற முறையே வேறு; ஸ்லாப் பீமின் அடிப்பக்கத்தில் தொங்குவதால் அதற்கேற்ற வளையக் கம்பி வேண்டும். மேஸ்திரி தன் அனுபவத்தில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

பில்லர் விஷயமும் அப்படித்தான், இதை நிதானமாகப் படியுங்கள். பத்தரை அடிக்கு டிசைன் செய்த 9 அங்குல பில்லரை அப்படியே 13 அடிக்கு இழுக்கக் கூடாது. பில்லருக்கு இன்ஜினியர் கணக்கில் எடுக்கும் உயரத்தை அதன் பக்க அகலத்தால் வகுத்தால் 12-க்குக் குறைவாக வர வேண்டும், அப்போதுதான் அது குட்டை பில்லர் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. தாண்டினால் அது நெட்டை பில்லர். அது வளைய முயலும் விசையையும் சேர்த்துக் கம்பி போட வேண்டும். வழக்கமாக நடுவில் லிண்டல் மட்டத்தில் ஒரு பீம் ஓட்டி பில்லர்களைப் பிணைப்பார்கள். உங்கள் கராஜின் வாசல் பக்கம் அதைச் செய்ய முடியாது. 7 அடியில் பீம் குறுக்கே ஓடினால் மேலே ஏற்றிய காரின் வழியை அது மறிக்கும். ஆகவே அந்தப் பக்கத்து பில்லரைப் பெரிதாக்குவதுதான் வழி. பேஸ்மென்ட் முடிந்துவிட்டது என்கிறீர்கள். அஸ்திவாரம் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதையும் டிசைன் செய்த இன்ஜினியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பில்லருக்கு அடுத்த கட்டு கம்பி கட்டும் முன் அவரிடம் போங்கள்.

அனுமதி வாங்கிய வரைபடத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். 2024-இல் வந்த சுய சான்று முறையில், அதாவது 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிவரை கட்ட உடனடி அனுமதி தருகிற முறையில் நீங்கள் விண்ணப்பித்திருந்தால், அதில் கட்டட உயரத்துக்கும் வரம்பு உண்டு. கராஜ் பக்கம் ஏறினால் மொத்த உயரம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் திருத்திய வரைபடம் கொடுத்துவிடுங்கள்.

இனி தரை. மேலே உயரம் சரியாக அமைந்த பல இடங்களில் கீழேதான் கோளாறு வருகிறது. முதல் கேள்வி, உங்கள் சம்ப் எங்கே? திருப்பூரில் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறை வருவதால், வீட்டுக்கு வீடு பெரிய சம்ப் கட்டுகிறார்கள். அதைக் கட்ட எல்லாரும் தேர்ந்தெடுக்கிற இடம் கார் நிற்கிற இடம்தான். மேலே வண்டி ஓடுகிற மாதிரி மூடி ஸ்லாப் போட்டிருந்தாலும், லிஃப்டின் காலை அதன் மேல் நட முடியாது. ஓடுகிற சக்கரம் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடும். லிஃப்டின் கால் வருடக்கணக்கில் ஒரே சாண் இடத்தை அழுத்திக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் ஆங்கர் போல்ட் போட ஸ்லாபைத் துளைக்கவும் வேண்டும். உங்கள் வரைபடத்தில் சம்ப் கராஜுக்குள் இருந்தால், நாலு கால் வருகிற இடங்களை முதலில் குறித்துவிட்டு சம்பை நகர்த்துங்கள். இன்னும் தோண்டவில்லை என்றால் வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்விடுங்கள். செப்டிக் டேங்குக்கும் இதே பேச்சுதான்.

கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கராஜ் பரப்பு முழுக்க அதைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இயந்திரத்தால் இடித்து இறுக்குங்கள். அதன் மேல் 6 அங்குலத்துக்கு எம் 25 தரக் கான்கிரீட், ரெண்டு பக்கமும் கம்பி வலை. நாலு கால் லிஃப்டில் ஒரு காலுக்கு வரும் சுமை ஒரு டன்னுக்குள்தான், அதற்கு 4 அங்குலமே தாங்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். நல்ல மண்ணில் தாங்கும். கரிசலில் எனக்கு 6 அங்குலம்தான் நிம்மதி. கான்கிரீட் போட்டு 28 நாள் ஆன பிறகே ஆங்கர் துளை போட வேண்டும். காலுக்கு அடியில் டைல்ஸ் கூடாது. காலின் அடித்தகடான பேஸ் பிளேட் நேராகக் கான்கிரீட்டில்தான் உட்கார வேண்டும், இல்லையென்றால் டைல்ஸ் நொறுங்கி போல்ட் தளர்ந்துவிடும்.

வாட்டம் விஷயத்தில் மேஸ்திரியோடு ஒரு சண்டை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கார் கழுவிய தண்ணீர் வெளியே ஓட, கராஜ் தரைக்கு கேட் பக்கம் வாட்டம் வைப்பது அவர் பழக்கம். 100-க்கு 1 வாட்டம் என்றாலும் 15 அடி நீளத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் இறங்கிவிடும். லிஃப்டுக்கு நாலு காலும் ஒரே மட்டத்தில் வேண்டும்; கொஞ்சம் வித்தியாசம் என்றால் தகடு வைத்துச் சரிசெய்யலாம், 2 அங்குலத்தைத் தகடு வைத்துச் சரிக்கட்டுவது வேலைக்கு ஆகாது. லிஃப்ட் நிற்கும் பகுதி தண்ணீர் மட்டக் குழாய் வைத்துப் பார்த்த சமதளம். அதற்கு வெளியே வாட்டம். கேட்டை ஒட்டி இரும்பு கிரேட்டிங் போட்ட சாக்கடை. இதுதான் சரி. உயரக் கணக்கையும் இந்தச் சமதளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மேலே தொங்குகிறவற்றில் பீம் தவிர இன்னும் இரண்டு உண்டு. கராஜுக்குள் சீலிங் ஃபேனுக்குக் கொக்கியே விடாதீர்கள். சுவர் ஃபேன் போதும். விளக்கெல்லாம் பக்கச் சுவரில். ரோலிங் ஷட்டர் போடுவதாக இருந்தால் அதன் உருளைப் பெட்டியைக் கட்டாயம் கவனியுங்கள்: வாசல் 8 அடி என்றால் பெட்டி அதற்கு மேலே ஒன்றரை அடி வரை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், மேலே ஏறுகிற காரின் பம்பர் கடக்கும் உயரம் அதுதான். கராஜ் நீளம் 20 அடிக்குக் குறைந்தால் ஷட்டர் வேண்டாம். மடக்கு கேட் போடுங்கள். உள் அகலம் 12 அடியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் கால்களுக்கு நடுவே இன்னோவாவின் கதவைத் திறந்து இறங்க முடியாது.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கப்போகிறீர்கள் என்றால் மோட்டாரும் அதற்கேற்ற மாதிரி வாங்கிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் 2 எச்.பி. மோட்டாரை இழுக்காது. பல மாடல்களில் தட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் லாக் விடுபடும், அதற்குக் கரண்ட் வேண்டும். மாதாந்திர மின்தடை நாளில் மேலே இருக்கும் வண்டி மாலை வரைக்கும் மேலேதான். தினசரி வண்டி எப்போதும் கீழே இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். சுவிட்ச் சாவி போட்டால்தான் இயங்குகிற மாதிரி இருக்க வேண்டும்; வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சாவி பெரியவர்கள் கையில்.

கடைசியாக உங்கள் மச்சான். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவருக்கு நாலு காலும் தட்டும் வெட்டி வெல்டிங் அடிப்பது ஒரு வார வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோவைக்காரன் கையில் இரும்பு கிடைத்தால் எதையும் செய்துவிடுவான். ஆனால் லிஃப்டின் உயிர் தட்டில் இல்லை. நாலு மூலையும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். ஒரு ஸ்டீல் ரோப் அறுந்தாலோ தளர்ந்தாலோ அந்த நொடியே அந்த மூலையின் லாக் தானாகப் பிடிக்க வேண்டும். சொன்ன எடையைவிட அதிகம் ஏற்றிச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் அதற்கு அடியில் நின்று ஆயில் நட்டைக் கழற்றப்போகிறீர்கள். கோவையிலேயே ஒர்க்ஷாப்புகளுக்கு லிஃப்ட் செய்துகொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களிடம் வாங்கினால் சர்வீஸும் பக்கத்திலேயே கிடைக்கும். கிரிஸ்டா காலியாகவே 1,800 கிலோவை ஒட்டி வரும், அதனால் மூன்றரை டன்னுக்குக் குறைவாகத் தூக்குகிற லிஃப்டைப் பார்க்க வேண்டாம். மச்சான் மனசு கோணாமல் இருக்க, ஆயில் தட்டங்களையும், மேலே ஏற்றிய சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிற கட்டைகளையும், கேட்டுக்கான கிரேட்டிங்கையும் அவரிடமே செய்யச் சொல்லுங்கள்.

பீம் பாட்டம் பலகை அடித்த அன்று, கம்பி கட்ட ஆள் வருவதற்கு முன்னால் நீங்களே டேப்போடு போங்கள். பேஸ்மென்ட் கான்கிரீட்டிலிருந்து பலகையின் அடிவரை கராஜின் நாலு மூலையிலும் நடுவிலும் பிடித்துப் பாருங்கள். பலகை கழன்ற பிறகு பூச்சு வேறு அரை அங்குலம் எடுக்கும். தரைக்கு 3 அங்குலமும் பூச்சுக்கு அரை அங்குலமும் கழித்து எங்கேயாவது 13 அடிக்குக் கீழே வந்தால், அன்றைக்கே முட்டுகளை ஏற்றச் சொல்லுங்கள். பலகை மட்டத்தில் இருக்கும்போது அது ரெண்டு மணி நேர வேலை.